இரத்த தானக் குழுவில் நன்றியை எப்படிச் சொல்வது?

தஞ்சைவாசி:
வணக்கம். சென்ற வாரம் என் தந்தையின் அறுவைச் சிகிச்சைக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் 2 யூனிட் தேவைப்பட்டதால், எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வேண்டுகோள் இட்டேன். இருவர் வந்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் திருவையாற்றிலிருந்து பேருந்து ஏறி வந்தார். வீடு திரும்பியதும் இருவரின் பெயரையும் எழுதிக் குழுவில் நன்றி சொன்னேன். அதைப் பார்த்து மற்றவர்களும் வாழ்த்தும் கும்பிட்ட கையுமாக இடத் தொடங்க, அரை மணி நேரத்தில் நாற்பது செய்திகள் சேர்ந்து, இடையில் வேறொருவர் கேட்டிருந்த அவசர உதவி எவர் கண்ணிலும் படாமல் மேலே போய்விட்டது. இனி குழுவில் யாரும் நன்றி சொல்ல வேண்டாம் என்று நிர்வாகி அறிவித்துவிட்டார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும், முன்பின் அறியாத ஒருவர் நம் தந்தைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் போகும்போது, நாலு பேர் அறிய ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. எது முறை?

குழு நடத்துபவர்:
உங்கள் தந்தையார் விரைவில் நலம் பெறட்டும். பல ஆண்டுகளாக இத்தகைய குழுவொன்றை நடத்துபவன் என்ற முறையில், நன்றிச் செய்தியை நான் தடுப்பதில்லை. அது வந்தே ஆக வேண்டும் என்று கேட்டு வாங்குகிறேன். வேண்டுகோள் இட்டவர் 'நன்றி' என்று மட்டும் எழுதினால், இரத்தம் கிடைத்துவிட்டதா, இன்னும் ஒரு யூனிட் வேண்டுமா என்பது தெரியாமல், கொடையாளர்கள் மருத்துவமனைக்குப் புறப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆகவே உங்கள் பழைய வேண்டுகோளுக்கே பதிலளிக்கும் விதமாக, 'தேவை நிறைவேறியது, இனி அழைக்க வேண்டாம், கொடுத்த இருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி' என்று ஒரே செய்தி இடுங்கள். வேண்டுகோளை வேறு குழுக்களில் பகிர்ந்திருந்தால் அங்கும் இதையே இடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடமே அவகாசம் உண்டு என்பதால், முடித்துவைக்கப்படாத வேண்டுகோள் அப்படியே ஊர் ஊராகச் சுற்றும். நோயாளி குணமாகி வீடு சென்று மூன்று மாதங்கள் கழிந்த பின்பு, அவருக்காக இரத்தம் கேட்டு எனக்கே அழைப்பு வந்ததுண்டு. வாழ்த்த விரும்பும் மற்றவர்கள், 2022 முதல் வந்துள்ள வசதியைக் கொண்டு அந்தச் செய்தியின் மீதே கும்பிட்ட கை போன்ற ஒரு குறி இட்டால் போதும்.

கொடையாளர் ஒருவர்:
பெயரை எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு முறை கொடுத்த ஆண்கள் 90 நாட்களும் பெண்கள் 120 நாட்களும் இடைவெளி விட வேண்டும். ஆனால் ஓ நெகட்டிவ் என்று பெயரோடு குழுவில் வந்துவிட்டால் மறுவாரமே அழைப்புகள் வரத் தொடங்கும். தவித்துக் கேட்பவரிடம் முடியாது என்று சொல்வது மிகுந்த வேதனை. குழுவில் சொன்னதோடு நிறுத்தாமல், சில நாட்கள் கழித்துத் தனியாகவும் எழுதுங்கள். 'அப்பா இன்று தானாக எழுந்து திண்ணை வரை நடந்தார்' என்று ஒருவர் எனக்கு எழுதியதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

தமிழாசிரியர்:
திருக்குறளில் 'செய்ந்நன்றியறிதல்' என்னும்போது, நன்றி என்பது ஒருவர் செய்த உதவியையே குறிக்கும். ஆகவே அவர் செய்தது இன்னதென்று சொல்லுங்கள். திருவையாற்றிலிருந்து பேருந்தில் வந்ததை இங்கே எழுதினீர்களே, அந்த ஒரு வரியே போதும்.

தஞ்சைவாசி:
திருவையாற்றுக்காரரிடம் கேட்டேன், பெயர் வேண்டாம் என்றார். முந்தைய செய்தியை நீக்கிவிட்டு, தேவை நிறைவேறியது என்பதையும், ஒருவர் பேருந்தில் வந்து கொடுத்தார் என்பதையும் ஒரே செய்தியாக இட்டுவிட்டேன். நிர்வாகியும் அதன் மீது குறி இட்டிருக்கிறார். நாளை தையல் பிரிக்கிறார்கள். அது முடிந்ததும் இருவருக்கும் தனித்தனியே எழுதுவேன்.