குண்டுமல்லிக் கொழுந்து மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை

தாம்பரம் பக்கம், மேற்கு வெயில் விழும் மொட்டை மாடி. 14 அங்குல சிமெண்ட் தொட்டி. செம்மண், தேங்காய்நார்க் கழிவு, மக்கிய சாணம் கலந்தது. பங்குனி வரை நன்றாகப் பூத்தது. சித்திரை பிறந்ததிலிருந்து நுனிக் கொழுந்துகள் வெளுக்கின்றன, அடி இலைகளுக்கு ஒன்றும் இல்லை. மொட்டுகள் கடுகளவிலேயே உதிர்கின்றன.

மண்புழு உரம் போட்டேன், எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்பேட்) தெளித்தேன், அசையவில்லை. வேப்பெண்ணெய் கரைசலும் அடித்தாயிற்று. இலைக்கு அடியில் பூச்சி இல்லை. வடிகால் துளை அடைக்கவில்லை. நர்சரியில் டிஏபி உரம் போடச் சொன்னார்கள் (எந்தச் செடிக்கும் அவர்களுக்கு அதுதான் மருந்து). ஊற்றுவது போர் தண்ணீர். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்து, நகத்தால் சுரண்டினால் பொருக்காக வருகிறது.

இது இரும்புச்சத்துக் குறைதான் என்றால், இதே தண்ணீரை ஊற்றிக்கொண்டு இலையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளித்தால் போதுமா, அல்லது மண்ணையே மாற்ற வேண்டுமா?