கல்லூரியில் மேஜராக எடுக்க பயோகெம், மைக்ரோ, தாவரவியல், விலங்கியல்: உண்மையில் எது கஷ்டம்?

பயோகெம்:
செய்முறைத் தேர்வில் ஒரு மாணவி பஃபரில் (பி.எச்.ஸை மாறாமல் வைக்கும் கரைசல்) மாட்டிக்கொண்டது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. பி.எச். 5.0 அசிடேட் பஃபர், 0.1 மோலார், 100 மி.லி. எந்த பி.எச்.க்கு உப்பும் அமிலமும் எவ்வளவு என்று சொல்லும் ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தார்: அமிலத்தின் வலிமையைக் காட்டும் பி.கே.ஏ. 4.76, விகிதம் 1.74, ஆகவே சோடியம் அசிடேட் 63.5 மி.லி., அமிலம் 36.5 மி.லி. மீட்டரில் வந்ததோ 4.78. பாட்டிலில் இருந்தது ட்ரைஹைட்ரேட், அதாவது நீர் மூலக்கூறுகள் சேர்ந்த உப்பு. லிட்டருக்கு 13.6 கிராம் போட வேண்டிய இடத்தில் நீரற்ற உப்புக்கான 8.2 கிராமை நிறுத்துப் போட்டிருக்கிறார். லேபிளைத் திரும்பிப் பார்க்காமல் மீட்டரையே திரும்பத் திரும்ப கேலிபரேட் செய்ததில் நேரம் முடிந்துபோனது. குளுக்கோஸ் உடையும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளை யாரும் படித்துவிடலாம். மோல், நீர்ப்பு (கரைசலை நீர்க்கச் செய்வது), லாக் மூன்றும் கைவராதவர்களுக்குத்தான் பயோகெம் அடி கொடுக்கும். கணக்கே வேண்டாம் என்பவர்கள் மைக்ரோ எடுங்கள், லேசாகப் போய்விடும்.

மைக்ரோ லேப்:
கடைசி வரியை ஏற்க முடியாது சார். பாக்டீரியாவை ஊதா (பாசிட்டிவ்), இளஞ்சிவப்பு (நெகட்டிவ்) என்று பிரிக்கும் கிராம் சாயமேற்றம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், 95% ஆல்கஹால், பிறகு சஃப்ரானின். அந்த ஆல்கஹால் படியில்தான் மார்க் போகும். 10–20 விநாடி போதும். வழியும் துளியில் ஊதா நின்றதும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். ஒரு தேர்வில் ஊதாவாக வர வேண்டிய ஸ்டஃபைலோகாக்கஸ் முழுக்க இளஞ்சிவப்பாக வந்து, பையன் "கிராம் நெகட்டிவ் காக்கஸ்" (உருண்டை பாக்டீரியா) என்று எழுதிவிட்டான். ஆல்கஹால் கூடிப்போனது ஒரு காரணம், பாக்டீரியா வளர்த்த தட்டு இரண்டு நாள் பழசு என்பது இன்னொன்று. 24 மணி நேரத்துக்குள் உள்ள கல்ச்சர் இல்லையென்றால் செல்சுவர் சாயத்தைப் பிடித்து வைக்காது. ஸ்மியர் (கண்ணாடியில் தடவிய பூச்சு) தடிமனாக இருந்தால் இதற்கு நேர்மாறாக, நெகட்டிவும் ஊதாவாகவே நிற்கும். இதை லேசு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கணக்கும் இல்லாமல் இல்லை. தட்டில் 30 முதல் 300 காலனி வரை எண்ணி, நீர்ப்பு மடங்கால் பெருக்கி, ஊற்றிய அளவால் வகுக்க வேண்டும். 0.1 மி.லி. ஊற்றியதை மறந்தால் விடை பத்து மடங்கு குறையும்.

தாவரவியல்:
எங்கள் துறையை மனப்பாடத் துறை என்கிறார்கள், அதுதான் உறுத்துகிறது. ஸ்பாட்டரில் (மாதிரியைப் பார்த்து அடையாளம் எழுதும் தேர்வு) இட்லிப்பூவை வைத்தால் பாதிப் பேர் அப்போசைனேசி குடும்பம் என்று எழுதுகிறார்கள். அந்தக் குடும்பத்து நித்தியகல்யாணி மாதிரியே எதிரெதிர் இலை, குழல் போன்ற அல்லி (இதழ் வட்டம்). இட்லிப்பூவில் அல்லி மடல் நாலு என்பதை எண்ணினாலே பாதிச் சந்தேகம் தீரும். மீதிக்கு, பூவை பிளேடால் நெடுக வெட்டுங்கள். சூற்பை புல்லிக்குக் கீழே இருக்கும். இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே செதிலும் தெரியும். அது ரூபியேசி குடும்பம். கண் பழகினால்தான் இது வரும். நோட்ஸில் வராது.

பயோடெக்:
சேரப் போகிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். பாடத்திட்டத்தை இறக்கி, தாளின் தலைப்பை விட்டுவிட்டு அலகுகளைப் படியுங்கள். பழைய வினாத்தாள்களில் "கணக்கிடுக", "படம் வரைந்து பாகம் குறி", "விளக்குக" ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணுங்கள். உங்களுக்குப் பயம் எதில் என்பதோடு ஒப்பிட்டால் பாதி தெரிந்துவிடும். அல்லைடு (துணைப்பாடம்) கெமிஸ்ட்ரியா, வேறா என்றும் பாருங்கள். கெமிஸ்ட்ரி என்றால் டைட்ரேஷன் உண்டு. பிறகு லேபுக்கே போய், ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு எத்தனை பேர், டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்க்கும் ஜெல் டேங்க் எத்தனை என்று கேளுங்கள். பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் (வளைய வடிவச் சிறு டி.என்.ஏ.) பிரிப்பதில் காரமும் எஸ்.டி.எஸ். என்ற சோப்பு வகையும் கலந்த இரண்டாவது கரைசலை ஊற்றியதும் குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. குலுக்கினால் குரோமோசோம் டி.என்.ஏ. அறுந்து ஜெல்லில் இழுவிக்கொண்டு நிற்கும். தூரத்தில் நின்று டெமோ பார்த்தவருக்கு அந்தக் கை வேகம் வராது. உபகரணம் இல்லாத இடத்தில் எந்த மேஜரும் இரண்டு மடங்கு கஷ்டம்.

விலங்கியல்:
வினாத்தாளை எண்ணினால் தெரியும் என்பதை முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். டிரோசோஃபிலா (பழ ஈ) கலப்பு வினாத்தாளில் இரண்டு வரிக் கேள்விதான், லேபில் ஒரு மாதம் பிடிக்கும். 25 டிகிரியில் ஒரு தலைமுறைக்குப் பத்து நாள். குட்டை இறக்கைப் பெண் ஈயை இயல்பான ஆண் ஈயோடு சேர்க்கும்போது அந்தப் பெண் கலப்புக்கு முன் கூடியிருக்கக் கூடாது, ஏனென்றால் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். காலையில் குப்பியைக் காலி செய்துவிட்டு எட்டு மணி நேரத்துக்குள் பொரித்து வரும் பெண்களைத் தனியே பிரிக்க வேண்டும். முதல் தலைமுறை முழுக்க இயல்பான இறக்கையோடுதான் வர வேண்டும், அதில் ஒரு குட்டை இறக்கை தென்பட்டாலும் பிரித்ததில்தான் கோளாறு. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெற்றோர் ஈக்களை ஏழாம் நாளே வெளியேற்றிவிடுங்கள், இல்லையென்றால் அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள். கோடையில் குளிர்சாதன இன்குபேட்டர் இல்லாத லேப் என்றால் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும், குப்பியில் புழுவே வராது.