மெய்ன் மாநிலத்தில் ஒரே நாளில் இரண்டு வாக்கு முறைகள் ஏன்?

கேள்வி: அமெரிக்க காங்கிரஸ் தேர்தலில் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் மெய்ன் வாக்காளர், அதே நாளில் நடைபெறும் ஆளுநர் தேர்தலில் மட்டும் ஒருவரையே தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது ஏன்?

பதில் 1: தரவரிசை முறையை 2016இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றனர். ஆனால், ஆளுநரும் மாநிலச் சட்டமன்றத்தினரும் மற்றவர்களைவிடக் கூடுதல் வாக்கு பெற்றாலே போதும் என மாநில அரசமைப்பு கூறுவதால், பொதுத்தேர்தலில் அம்முறை அதற்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் கருத்துரைத்தது. காங்கிரஸ் உறுப்பினர் போன்ற கூட்டாட்சிப் பதவிகளை அந்த வாசகம் கட்டுப்படுத்தாது.

பதில் 2: தரவரிசை முறையின் விளைவு சிறியதன்று. 2018 காங்கிரஸ் தேர்தலில் மெய்னின் இரண்டாம் தொகுதியில் முதல் சுற்றில் முந்திய புரூஸ் பாலிக்வின் பாதி வாக்குகளைத் தாண்டாததால், சுயேச்சைகள் இருவரின் வாக்குகள் அடுத்த விருப்பப்படி பகிரப்பட்டு, ஜாரெட் கோல்டன் வென்றார்.

பதில் 3: ஆளுநர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் தரவரிசை உண்டு என்பதுதான் வேடிக்கை.