மறு: 'குளூட்டன் சேலஞ்ச்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'சேலஞ்ச்' என்பதற்கு 'அறைகூவல்' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது ஏன் தயங்க வேண்டும்? சீலியாக் நோய்க் கையேட்டில் 'குளூட்டன் அறைகூவல்' என்றே போட்டுவிடலாம்.

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மேலே உள்ளதை எழுதிய ஐயாவின் தமிழ்ப் பற்றை மதிக்கிறேன். ஆனாலும், கோதுமைப் புரதமான குளூட்டனால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோயைக் கண்டறியும் சோதனையோடு வரும் 'குளூட்டன் சேலஞ்ச்' என்பதற்கு இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி எடுக்கும் பணியில் இருக்கிறேன். மருத்துவர் எழுதிய சீட்டை நீட்டி, "இதற்கு நான் என்ன செய்துவிட்டு வர வேண்டும்?" என்று கேட்பவர்களோடுதான் என் காலை நேரம் போகிறது. 'குளூட்டன் அறைகூவல், 6 வாரம்' என்று எழுதியிருந்தால் அவர்களுக்கு நான் என்ன சொல்வது? யார் யாரை அழைக்கிறார்கள்? அந்த ஆறு வாரமும் சாப்பிட வேண்டுமா, சாப்பிடக் கூடாதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத சொல் இங்கே தீங்கு செய்யும். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதமும், பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் உள்ள அதன் உறவுப் புரதங்களும் நம் குடலில் முழுமையாகச் செரிப்பதில்லை. மிஞ்சும் துண்டுகளைத் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி சற்றே மாற்றுகிறது. டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு, மாறிய அந்தத் துண்டுகளைக் கண்டதும் உடலின் காவற்படை கிளம்பிவிடுகிறது. சிறுகுடலின் உட்சுவர் அழிகிறது, சத்தை உறிஞ்சும் விரல்போன்ற நுண்முளைகளான குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன, இரும்புச்சத்தும் கால்சியமும் சரியாக உள்ளே போவதில்லை. அதோடு நிற்காமல் அந்த நொதிக்கு எதிராகவும் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. இந்த நோயில் உடல் தாக்குவது இந்த நொதியைத்தான் என்பது 1997இல் தெரியவந்தது. இன்று நாங்கள் இரத்தத்தில் முதலில் தேடுவது இந்த எதிர்ப்பொருளைத்தான். சீட்டில் 'டிடிஜி ஐஜிஏ' என்று இருக்கும்.

எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்க வேண்டுமானால் குளூட்டன் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்க வேண்டும். கோதுமையை நிறுத்திய சில மாதங்களில் எதிர்ப்பொருளின் அளவு இறங்கிவிடும், குடல் உட்சுவரும் மெல்ல ஆறத் தொடங்கும். அந்த நிலையில் எங்களிடம் வந்து இரத்தம் கொடுத்தால் 'நெகட்டிவ்' என்றே தாள் போகக்கூடும். உள்நோக்கிக் குழாய் விட்டுத் திசு எடுத்தாலும் தெளிவாக எதுவும் தெரியாமல் போகலாம். நோய் இருக்கும், தாளில் இருக்காது. ஆகவே ஏற்கெனவே கோதுமையை விட்டவர்கள் மருத்துவர் சொல்லும் காலம்வரை மீண்டும் அதைச் சாப்பிட்டுவிட்டுச் சோதனைக்கு வர வேண்டும். இதைத்தான் ஆங்கிலத்தில் 'சேலஞ்ச்' என்கிறார்கள். பிரிட்டனின் வழிகாட்டுதல், ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில், குறைந்தது 6 வாரம் குளூட்டன் உண்ணச் சொல்கிறது. அமெரிக்கக் குடலியல் மருத்துவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம் குளூட்டனை, அதாவது ஏறக்குறைய இரண்டு துண்டு ரொட்டி அளவை, 2 வாரமாவது உண்டு, உடல் தாங்கினால் 8 வாரம்வரை தொடரச் சொல்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இது ஏன் குழப்பம் தருகிறது என்றால், சோதனைக்குத் தயாராவது என்றாலே இங்கே பட்டினிதான். 'வெறும் வயிற்றில் வரவும்' என்ற வரி எல்லோருக்கும் மனப்பாடம். சர்க்கரைக்குப் பட்டினி, கொழுப்புக்குப் பட்டினி. அந்தப் பழக்கத்தில், கோதுமையின் மேல் சந்தேகம் எழுந்ததுமே அதை நிறுத்திவிட்டு, நல்ல பிள்ளையாக ஒரு மாதம் கழித்துச் சோதனைக்கு வருகிறார்கள். வயிற்றுப்போக்கு நின்றிருக்கும், முகம் தெளிந்திருக்கும். அவர்களிடம் "மறுபடி சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்வது கொடுமையாகத்தான் இருக்கிறது. நிறுத்துவதற்கு முன்பே சோதித்திருந்தால் அந்தத் துன்பமே இல்லை. கையேட்டில் எந்தச் சொல் வந்தாலும் வரட்டும். 'சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்' என்ற வரி முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு தொல்லை, நாளிதழ்களில் வரும் 'கோதுமை ஒவ்வாமை'. ஒவ்வாமை என்றால் உண்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தடிப்பும் மூச்சுத் திணறலும் வரும் வேறொரு நிலை. அதற்குப் பார்ப்பது ஐஜிஈ என்ற வேறு வகை எதிர்ப்பொருள், தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. சீலியாக் நோய் உடல் தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். பெயர் மாறினால் சோதனையும் மாறிவிடுகிறது. 'ஒவ்வாமைக்குப் பாருங்கள்' என்று கேட்டு வாங்கிய அறிக்கையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும், நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நோயின் பெயரைச் 'சீலியாக் நோய்' என்றே வைத்துக்கொள்வோம். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. காசம், காலரா போலப் பழகிவிடும்.

'பசையம்' பற்றியும் ஒரு சொல். குளூட்டனுக்கு அது பொருத்தமான ஆக்கம்தான், லத்தீன் மூலத்துக்கும் பசை என்றே பொருள். ஆனால் நம் சமையலறையில் உளுந்து மாவும் பசைபோல ஒட்டும், குழைந்த சோறும் ஒட்டும். இரண்டிலும் குளூட்டன் கிடையாது. அந்தப் பெயரைக் கேட்டு இட்லியை விடுகிறவர்கள் வருவார்கள். இன்னொரு பக்கம், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதில் பசையை யாரும் பார்ப்பதில்லை. மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது, அங்கேயும் கண்ணுக்குப் பசை தெரியாது. கடையில் பொட்டலத்தின் மேல் தேட வேண்டிய சொல்லும் குளூட்டன்தான். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடுவோம்.

இப்போது என் முன்மொழிவு. 'அறைகூவல்' வேண்டாம். 'ஏற்றம்' என்றார் ஒருவர், அது சொட்டு மருந்து ஏற்றுவதுபோல் ஒலிக்கிறது. 'சோதனையூண்' அழகாக இருக்கிறது. ஆனால் 'ஊண்' என்பதை 'ஊன்' என்று படித்து ஆட்டுக்கறிக்குப் போய்விடுவார்கள். நான் நினைப்பது 'முன்னுண்ணல்'. சோதனைக்கு முன் உண்ண வேண்டும் என்ற செய்தி அதற்குள்ளேயே இருக்கிறது. 'வெறும் வயிற்றில்' என்பதற்கு நேர் எதிராகவும் நிற்கிறது.

அன்புடன்,
வியாசர்பாடியிலிருந்து

*

> 'முன்னுண்ணல்'. சோதனைக்கு முன் உண்ண வேண்டும் என்ற செய்தி அதற்குள்ளேயே இருக்கிறது.

அம்மா, வணக்கம். குடல்நோய் மருத்துவராக இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'முன்னுண்ணல்' என்றால் அன்று காலையில் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு உங்கள் நிலையத்துக்கு வந்து நிற்பார்கள். வாரக் கணக்கு அந்தச் சொல்லில் இல்லை. 'மீளூட்டல்' என்று முன்பு ஒரு மடலில் வந்தது. அதையும் விலக்குங்கள். நெடும் பட்டினி கிடந்தவருக்குச் சட்டென உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலைக்கு அந்தப் பெயர் தேவைப்படுகிறது.

இரண்டாவது தடை பெரியது. உண்ணச் சொல்லும் சொல்லை வைத்துக்கொண்டு தாமே வீட்டில் தொடங்கிவிடக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், பருவ வளர்ச்சி வேகமாக நடக்கும் பிள்ளைகளுக்கும் இதைத் தவிர்க்கவே ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அறவே தாங்காத பெரியவர்களுக்கு வேறு வழி உண்டு. மரபணுச் சோதனைக்குக் கோதுமை உண்ண வேண்டியதில்லை. டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லையென்றால் சீலியாக் நோய் அநேகமாக இல்லை என்று அங்கேயே நிறுத்திவிடலாம். இருந்தால் அதை வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது, நோயே இல்லாத ஏராளமானோருக்கும் அவை உண்டு.

நம் ஊருக்கான ஒரு சேதியையும் கையேட்டில் சேருங்கள். 2016இல் வெளியான இந்திய ஆய்வில் இந்த எதிர்ப்பொருள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. மரபணு வகையில் பெரிய வேறுபாடு இல்லை. கோதுமைதான் வேறுபட்டது: அங்கே நாளொன்றுக்கு 455 கிராம், இங்கே 25 கிராம். சோறும் இட்லியுமாக வாழ்பவர் "நான் எதையும் நிறுத்தவில்லையே" என்பார். ஆனால் சோதனைக்குப் போதுமான குளூட்டன் அவர் உடலுக்குள் போயிருக்காது. அதேபோல், குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்தாலே சீலியாக் என்று முடிவு கட்டவும் முடியாது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோயும் இதே தோற்றத்தைத் தரும், அது தென்னிந்தியாவுக்குப் பழக்கமானது. இரத்தமும் திசுவும் சேர்ந்து பேச வேண்டும்.

'தொடருண்ணல்' என்று வைத்தால் என்ன?

பெரம்பூரிலிருந்து

*

> 'தொடருண்ணல்' என்று வைத்தால் என்ன?

வணக்கம் ஐயா. முழு மனதோடு ஏற்கிறேன். நிறுத்தியவருக்கும், நிறுத்தாதவருக்கும், எப்போதாவது மட்டும் பரோட்டா சாப்பிடுபவருக்கும் இந்த ஒரு சொல் போதும். நாளும் உண்ண வேண்டும், இடைவிடக் கூடாது என்பது சொல்லிலேயே இருக்கிறது. எண்ணைப் பக்கத்தில் எழுதிவிட்டால் காலமும் தெரிந்துவிடும். சௌகார்பேட்டையிலிருந்து வருபவர்களுக்கு இதை இந்தியில் எப்படிச் சொல்வது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் இரண்டாவது தடையைச் சொல்லால் தீர்க்க முடியாது, விளக்கத்தில்தான் வைக்க வேண்டும். கையேட்டுக்கும், பிறகு தமிழ்க் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்பவும் என் வரைவு இது:

தொடருண்ணல் (பெயர்ச்சொல்): சீலியாக் நோய்க்கான இரத்தச் சோதனைக்கும் திசுச் சோதனைக்கும் முன், மருத்துவர் குறித்த அளவிலும் காலத்திலும் குளூட்டன் உள்ள உணவை நாள்தோறும் உண்ணுதல். மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. சோதனை முடியும் முன் நிறுத்தவும் கூடாது.

சீட்டில் 'குளூட்டன் தொடருண்ணல்: 6 வாரம்' என்று வரும். அதன் கீழேயே 'மொத்த ஐஜிஏ' என்ற பெட்டியும் வேண்டும். அந்த எதிர்ப்பொருள் வகையே உடலில் குறைவாக உள்ளவர்களுக்கு, எவ்வளவு தொடருண்ணல் செய்தாலும் 'டிடிஜி ஐஜிஏ' பொய்யாக நெகட்டிவ் காட்டும், சீலியாக் நோயாளிகளில் சுமார் 2 முதல் 3 விழுக்காட்டினர் இப்படிப்பட்டவர்கள். அவர்களுக்கு ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்பொருள் வகையைப் பார்க்க வேண்டும். பணம் மிச்சம் என்று நினைத்து இந்தப் பெட்டியை விட்டுவிடுகிறார்கள். மருத்துவர்கள் எழுதாவிட்டாலும் நோயாளியே கேட்கும்படி கையேட்டில் ஒரு வரி சேர்க்கலாமா, ஐயா?