மறு: மாயர் அப்சிடியன் – ‘மூலம் காணல்’ சரிவருமா?

க.:
தொல்லியல் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மத்திய அமெரிக்காவின் மாயர் தாழ்நிலம் சுண்ணாம்புப் பாறை, அப்சிடியன் (எரிமலைக் குழம்பு உறைந்த கண்ணாடிக் கல்) விளையாத மண். டிக்கால் போன்ற நகரங்களுக்கு அந்தக் கல் பெரும்பாலும் குவாத்தமாலா மேட்டுநிலத்து எல் சாயால், இஸ்தெபெக்கே, சான் மார்ட்டின் ஹிலோதெபெக்கே படிவுகளிலிருந்து வந்தது. எந்தக் கல் எந்தப் படிவு என்று கண்டுபிடிப்பதற்குச் சொல் வேண்டும். இப்போதைக்கு ‘மூலம் காணல்’.

செ.:
வடசொல் என்பது இருக்கட்டும், வகுப்பில் ‘மூலம்’ என்றால் பிள்ளைகளுக்கு வைத்தியர் நினைவுதான் வரும். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதல் என்றார். கல்லுக்கு நிலமே முதல்; முதல் + நிலம் = முதனிலம். முது, முன், முந்து, முதல் எல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்பது என் கணிப்பு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ம. (யாழ்ப்பாணம்):
வினைப்பகுதிக்கு ‘முதனிலை’ இருக்கேக்க முதனிலம் குழப்பும். ‘மூலம்’ எங்களுக்கும் சரிவராது. இங்கத்தைய பாடநூலில் தனிமத்துக்கு மூலகம் என்றுதான் பெயர். ‘மூலகங்களை அளந்து மூலம் காணல்’, வாசிச்சுப் பாருங்கோ!

ர.:
வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வாருங்கள். எக்ஸ் கதிர் பாய்ச்சி ருபீடியம், ஸ்ட்ரான்சியம், சிர்க்கோனியம் அளக்கிறோம். எல் சாயாலில் ருபீடியம் தூக்கல், இஸ்தெபெக்கேயில் சிர்க்கோனியம். மத்திய மெக்சிகோவின் பச்சூக்கா கல் பச்சை நிறத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். சிர்க்கோனியம் எகிறும், ஸ்ட்ரான்சியம் இல்லாத மாதிரிதான். தகராறு கல்லிலிருந்து உரித்த மெல்லிய பிளேடில். 2 மி.மீ. தடிமன்கூட இல்லையென்றால் சிர்க்கோனியம் குறைத்துக் காட்டும், ஏனென்றால் அதன் கதிர் ஆழத்திலிருந்தும் வரவேண்டியது. அங்கே கல்லே இல்லை. ருபீடியம் அவ்வளவு குறையாது. இஸ்தெபெக்கே பிளேடு எல் சாயால் பக்கம் சாய்வது இப்படித்தான். தடிமனைக் குறித்துக்கொள்ளாமல் அட்டவணையை நம்பக்கூடாது. ஒட்டிய மண்ணைக் கழுவாவிட்டால் இரும்பின் அளவும் கூட்டிக் காட்டும்.

இன்னொன்று: இதில் தெரிவது கல் உண்டான இடம் மட்டும். கருக்கல்லாக, அதாவது பிளேடு உரிப்பதற்கான தாய்க்கல்லாகக் கொண்டுவந்து, பிளேடை ஊரிலேயே உரித்தெடுத்ததும் உண்டு. வெறும் ‘பிறப்பிடம்’ என்றால் கல்லுக்கா, கருவிக்கா?

ம.:
அப்ப ‘கற்பிறப்பிடம் அறிதல்’?

க.:
‘கற்பி’ என்று பிரித்துப் படிப்பார்கள். ‘கல்லின் பிறப்பிடம் அறிதல்’ என்று விரித்தே போடுகிறேன். பெரும்பான்மை இதற்கு ஒத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

செ.:
கலைச்சொல் கேட்டீர்கள், வேற்றுமைத்தொடர் அச்சாகிறது. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘அப்சிடியன்’ ஏன் ‘எரிமலைக் கண்ணாடி’ ஆகவில்லை என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

ர.:
வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, ஐயா.