பாரென்ட்ஸ் கடலைக் கண்டறிந்தவர் பாரென்ட்ஸ்தானா?

வெண்ணிலவன்: நார்வே, ரஷ்யாவுக்கு வடக்கே இருக்கும் அந்தக் கடலுக்கு அவர் பெயரை வைத்ததே 1853இல்தான். டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் முதன்முதலில் அங்கே போனது 1594இல். அதற்கு வெகுகாலம் முன்பே வெண்கடல் கரையோர ரஷ்யர்களான போமோர்கள் வால்ரஸ் வேட்டைக்காக நோவயா செம்ல்யா தீவுகள்வரை போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு டச்சுக்காரரைக் கொண்டாடுவது அநியாயம்.

கலைவாணி: அப்படி ஒரே அடியாகத் தள்ளிவிடாதீங்க. வேட்டைக்குப் போவது வேறு, கரையை அளந்து வரைபடத்தில் ஏற்றுவது வேறு. 1596 ஆகஸ்ட் கடைசியில் நோவயா செம்ல்யா கரையில் பாரென்ட்ஸின் கப்பல் பனியில் சிக்கிக்கொண்டது. ஆட்கள் 17 பேர். கரை ஒதுங்கிய மரங்களைக் கொண்டு வீடு கட்டி, நரிக்கறி தின்று குளிர்காலத்தைக் கழித்தார்கள். கடிகாரம் உறைந்து நின்றபோதும் மணல்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைத்து நாள்கணக்கை விடவில்லை! சூரியனே எழாத நீண்ட துருவ இரவுக்குப் பின் ஜனவரி 24ஆம் தேதி சூரியன் தெரிந்ததாக, அந்தக் குழுவில் இருந்த கெரிட் டி வீர் எழுதினார். கணக்குப்படி அது தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆகவேண்டும். பலர் நம்பவில்லை. குளிர்ந்த காற்றடுக்குகளில் ஒளி வளைந்து வரும் என்பது பிற்பாடுதான் புரிந்தது. அந்தப் பதிவுக்கு ஈடு உண்டா?

வெண்ணிலவன்: பதிவு அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் என் சாட்சியும் அந்தப் பயணங்களில்தான் இருக்கிறது. 1594இலேயே அவர்கள் கரையில் சிலுவைகளைப் பார்த்தார்கள். யார் நட்டவை அவை? 1597இல் திறந்த படகுகளில் தெற்கே வந்தபோது உணவு கொடுத்து வழி சொன்னதும் ரஷ்யர்களே. போமோர்களின் கோச் கப்பலுக்கு அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். பனி நெருக்கினால் மேலே எழும்பிவிடும். கடலை அறியாதவன் அப்படிக் கப்பல் கட்டமாட்டான்.

செழியன்: இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1556இல் ஆங்கிலேயர் ஸ்டீவன் பரோ அந்தக் கரையோரம் போனபோது வழிகாட்டியவர்கள் ரஷ்யப் படகுக்காரர்கள். பிறகு 1619 வாக்கில் சைபீரிய வணிக ஊரான மங்கசேயாவுக்கான கடல்வழியை, அந்நியர்கள் கண்டுகொள்வார்கள் என்று பயந்து, ஜார் அரசே தடைசெய்தது. தெரிந்த வழியையே மூடிவைத்த அரசு அதை வெளியே சொல்லுமா?

கலைவாணி: சரி, 'முதலில் கண்டவர்' என்பதை விட்டுத்தருகிறேன். பெயரை விட்டுத்தரமாட்டேன். 1597 ஜூன் 20இல் வழியிலேயே பாரென்ட்ஸ் இறந்தார், ஊர் திரும்பியவர்கள் 12 பேர்தான். 1871இல் நார்வே மாலுமி எல்லிங் கார்ல்சென் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டில் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் இருந்தன. டி வீர் எழுதியது கட்டுக்கதை அல்ல.

வெண்ணிலவன்: கட்டுக்கதை என்று நான் சொல்லவே இல்லையே. அந்தக் கடலுக்கு இருந்த முர்மன் கடல் என்ற பழைய பெயரை ஏன் எடுத்தார்கள் என்பதே என் கேள்வி.