மழை பெஞ்ச அடுத்த நாள் விடியக்காலமை மீன் சாகுது, நோயா, நஞ்சா, வெக்கையா? தெரிஞ்சாக்கள் உதவுங்கோ

ஹெந்தளைக்குளம்:
வணக்கம். நாங்கள் வத்தளை ஹெந்தளைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால முந்திச் செங்கல்லுக்குக் களிமண் வெட்டின பள்ளம் ஒண்டு குளமாக் கிடக்கு, கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, நடுவில 11 அடி ஆழம். அப்பா பென்ஷனுக்கு வந்த பிறகு அதுக்குள்ள திலாப்பியாவும் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்க்கிறார், விரால் தானா வந்து சேர்ந்தது. இப்ப சித்திரை வருஷம் கழிஞ்சு நாலைஞ்சு நாள் நெருப்பு வெயில் அடிச்சது, பிறகு திங்கள் பின்னேரம் இடி மின்னலோட ஒண்டரை மணித்தியாலம் கொட்டோ கொட்டெண்டு கொட்டிச்சு, செவ்வாய் விடிய ஆறு மணிக்குப் போய்ப் பாத்தா மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, கரையோரம் 43 செத்துக் கிடந்தது, எண்ணிப் பாத்தனான். போன ஐப்பசியிலயும் ஒரு மழைக்குப் பிறகு இப்பிடித்தான் நடந்தது, அப்ப இருபதுக்குள்ள.

மீன் சாமான் விக்கிற கடை ஒண்டில கேட்டதுக்கு நோய் எண்டு சொல்லி நீல மருந்து போத்தல் ஒண்டு தந்தவை, 2,800 ரூபா. அப்பா எண்டால் பக்கத்துப் பட்டறைக்காரர் ஏதோ ஊத்திப்போட்டார் எண்டு நிக்கிறார், ரெண்டு வீட்டுக்கும் கதை இல்லை இப்ப. அவருக்கு 71 வயசு, ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடயில்லை. மருந்தை ஊத்தட்டோ வேண்டாமோ?

கிராண்ட்பாஸ் தொட்டி:
அண்ணே எங்க வீட்டு தொட்டியில வெள்ளைப்புள்ளி வந்தப்ப நான் கல்லுப்பு போட்டுத்தான் காப்பாத்துனேன், உப்பு போட்டு பாருங்க, மருந்த விட அது பரவால்ல.

கருங்கெளுத்தி:
தம்பி மருந்தை ஊத்தாதீங்க, உப்பும் இப்ப வேணாம். நான் ஒன்பது வருஷம் நன்னீர் மீன் வளர்ப்புக் குளங்கள்ல வேலை செஞ்ச ஆள். உங்கட குளத்துத் தண்ணி கிட்டத்தட்ட பதினேழு லட்சம் லீட்டர் வரும், லீட்டருக்கு ஒரு கிராம் உப்பு என்டாலே ஒன்றரை டன்னுக்கு மேல போகும், ஒரு போத்தல் மருந்து அதுக்குள்ள எந்த மூலைக்கு? முதல்ல இதுகளைச் சொல்லுங்க: செத்தது பெரிசா சின்னனா? விரால் செத்ததா? தண்ணியில ஓடித் திரியிற பூச்சிகள் உயிரோட இருக்கா? அன்டைக்கு ஏதாச்சும் மணம் வந்ததா? தண்ணி என்ன நிறம்?

ஹெந்தளைக்குளம்:
அக்கா, செத்தது முழுக்கப் பெரிசு, அரைக் கிலோவுக்கு மேல. குஞ்சுகள் தப்பிட்டுது. விரால் ஒண்டும் சாகயில்லை. பூச்சி இருக்கு. மணம் எண்டால் ஓம், கூழ்முட்டை மணம், நாங்கள் செத்த மீன்ர நாத்தம் எண்டு நினைச்சம். தண்ணி நல்ல கடும் பச்சை, முழங்கை அளவு கையை விட்டா விரல் தெரியாது. ஈரப்பலா மரம் ரெண்டு கரையில நிக்குது, இலை முழுக்க உள்ளுக்குத்தான் விழும்.

கருங்கெளுத்தி:
அப்ப நஞ்சு இல்லை. நஞ்சு என்டால் அநேகமா குஞ்சும் பூச்சியும்தான் முதல்ல போகும், பகல் இரவு என்ட கணக்கும் அதுக்கு இல்லை. நோய் என்டால் இன்டைக்கு ரெண்டு, நாளைக்கு அஞ்சு என்டு ஏறி ஏறிப் போகும், ஒரே விடியல்ல 43 போகாது. பெரிய மீன் சாகுது, விரால் தப்புது (அது மேல வந்து காத்தை நேரா எடுக்கிற மீன்), விடியக்காலமை நடக்குது, அப்ப தண்ணியில ஒட்சிசன் இல்லாமப் போயிருக்கு.

ஏன் மழைக்குப் பிறகு என்டு கேட்பீங்க. ஏப்ரல் 5ல இருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் மேல நிக்கிற காலம், மேல் தண்ணி நல்லாச் சுடும், சுட்ட தண்ணி பாரம் குறைஞ்சு மேலேயே மிதக்கும், அடியில குளிர்ந்தது அப்பிடியே கிடக்கும், ரெண்டும் கலக்காது. எங்கட மாதிரிச் சூட்டு நாட்டில இதுக்குப் பெரிய வித்தியாசமே தேவையில்லை, தண்ணி 10 பாகையில இருந்து 11 ஆகும்போது குறையிற அடர்த்தியை விட 30ல இருந்து 31 ஆகும்போது குறையிறது மூன்டு மடங்குக்கு மேல. அடியில இலையும் மீன் கழிவும் மிஞ்சின தீனும் அழுகி அங்க இருக்கிற ஒட்சிசனை முடிச்சிரும், பிறகு அந்தக் கூழ்முட்டை வாயுவும் அமோனியாவும் சேரும். மீனுக்கு மேல் ரெண்டு மூன்டு அடிதான் வீடு. அப்ப பின்னேரம் குளிர் மழை கொட்டுது, காத்தும் அடிக்குது, மேல் தண்ணி குளிர்ந்து கீழ இறங்க அடித்தண்ணி கிளம்பி முழுக் குளத்தோடயும் கலக்குது. அதுதான் நீங்க மணந்தது.

அதோட பச்சைத் தண்ணி பகல்ல ஒட்சிசன் தரும், இரவில அதே பாசி மீனோட போட்டிக்கு நின்டு எடுக்கும். மேகம் மூடின நாள் என்டால் பகல்லயும் ஒழுங்காத் தராது. 25 பாகைத் தண்ணி லீட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 33 பாகையில ஏறக்குறைய 7.2 தான், ஆனா மீனுக்கு சூடு கூடக் கூட மூச்சுத் தேவை கூடும். வரவு குறையுது, செலவு ஏறுது.

நான் சொல்லுறதை நம்பிட்டு இருக்காம நீங்களே அளந்து பாருங்க. சோடாப் போத்தல்ல கல்லைக் கட்டி, கோர்க்கு மூடியில தனி நூல் கட்டி அடிக்கு இறக்கி, நூலை இழுத்தா மூடி கழன்டு அடித்தண்ணி நிரம்பும், எடுத்த உடனே வெப்பமானி வையுங்க. பகல் ரெண்டரைக்கும் விடிய ஆறுக்கும்.

ஸ்கார்பரோ மட்டுவில்:
நான் இப்ப ரொறொன்ரோவில, வெள்ளவத்தையில இருந்து வந்து 20 வருஷம். அக்கா சொல்லுறதைத்தான் இங்க பெரிய அளவில பாக்கிறம். இங்கத்தே ஆழமான ஏரியள் கோடைக்கு மேல சூடு அடியில குளிர் எண்டு பிரிஞ்சு நிக்கும், இலையுதிர் காலத்தில மேல்தண்ணி குளிர்ந்து இறங்கி முழுக்கக் கலக்கும், வசந்தத்தில ஐஸ் உருகித் திரும்ப ஒருக்கா. தண்ணி 4 பாகையிலதான் ஆகப் பாரம், அதாலதான் மாரியில ஐஸ் மேல நிக்க அடியில மீன் உயிரோட கிடக்குது. ஒன்டாரியோ ஏரிக் கரையில வசந்தகாலத்தில அலேவைஃப் எண்ட சின்ன மீன் குவியல் குவியலா ஒதுங்கும், குளிரில நொந்து போன உடம்பு சூடு ஏறி இறங்கிறதைத் தாங்காது. இங்க வருஷத்துக்கு ரெண்டு கலக்கல், உங்களுக்கு ஒவ்வொரு இடிமழைக்கும் ஒரு கலக்கல் வரலாம் போல.

மட்டக்குளி நானா:
தம்பி எங்கட வீட்டுக் குளத்துலயும் இப்பிடி நடந்து நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் செஞ்சத சொல்றேன். அரைக் குதிரை வலு பம்பு ஒண்டு, குழாய் முனையில ஓட்டை போட்ட பைப்ப மாட்டி தண்ணிய மேல தூக்கி மழை மாதிரி கொட்ட வெச்சேன், இரவு பத்துக்கு போட்டா விடிய ஏழுக்குத்தான் நிப்பாட்டுற. பம்போட வாய அடியில வெக்க வாணாம், மேல் ரெண்டு அடிக்குள்ள வைங்க, இல்லாட்டி நீங்களே அந்த அடித்தண்ணிய கலக்கிப் போடுவீங்க. மேகம் போட்ட நாளும் மழை நாளும் தீன் போடவே வாணாம். ஆரும் பாசிய கொல்ல மருந்து தந்தா வாங்காதீங்க, நான் அத செஞ்சு பாசி செத்து அழுகி மிச்ச மீனும் போயிட்டு. குழாய்த் தண்ணியும் நேரா விடாதீங்க, குளோரின் ஈக்குது.

கருங்கெளுத்தி:
நானா சொன்னது முழுக்கச் சரி. சுண்ணாம்பு போடச் சொல்லியும் யாராச்சும் வருவாங்க, பீ.எச் (தண்ணிட அமில-கார அளவு) பாக்காமப் போட வேணாம், சுண்ணாம்பு அதை ஏத்தும். பீ.எச் 7ல 30 பாகையில அமோனியாவில நூத்துக்கு ஒன்டு கூட நஞ்சு வடிவத்தில இருக்காது, பீ.எச் 9க்கு ஏறினா கிட்டத்தட்டப் பாதி நஞ்சாகும். பச்சைத் தண்ணி பின்னேரத்தில தானாவே 9க்கு ஏறும்.

ஹெந்தளைக்குளம்:
நாலு நாளா அளந்தன். மழை இல்லாத நாள் பகல் ரெண்டரைக்கு மேல 33, மூண்டு அடி ஆழத்தில 31, ஆக அடியில 28. அடித்தண்ணிப் போத்தலைத் திறக்கவே அந்த மணம், அப்பாவைக் கூப்பிட்டு மணக்கக் குடுத்தன், ஒண்டும் பேசாம போத்தலைக் கன நேரம் கையில வைச்சிருந்தார். நேற்றுப் பின்னேரம் மழை, இண்டைக்கு விடிய மேலயும் 28 அடியிலயும் 28. அப்பிடியே கலந்திட்டுது. ஆனா இரவு முழுக்கப் பம்பு ஓடினது, செத்தது மூண்டு மட்டும். பட்டறைக்காரரிட்ட நான் போய்க் கதைச்சன், அப்பாவுக்காக மன்னிப்பும் கேட்டன், அவர்தான் பைப்புக்கு ஓட்டை துளைச்சுத் தந்தவர், காசு வாங்கயில்லை.

இப்ப இன்னொரு பிரச்சினை அக்கா. தப்பின ரோகுவில ஆறேழுக்கு வால் பக்கம் சிவந்த புண், ஒண்டுக்கு வாயில பஞ்சு மாதிரி.

கருங்கெளுத்தி:
அதை எதிர்பார்த்தேன். மூச்சுத் திணறித் தப்பின மீனுக்கு எதிர்ப்புச் சக்தி விழுந்திருக்கும், தண்ணியில எப்பவும் இருக்கிற பக்டீரியா அப்பதான் ஏறும், சூட்டுத் தண்ணியில அது வேகமாப் பெருகும். புண் என்டா எல்லாமே ஒன்டு என்டு நினைக்க வேணாம். குளிர் காலத்துப் புண் வேற. 1987–88ல இலங்கையில விராலுக்கும் மத்த மீனுக்கும் பெரிய புண் நோய் பரவினது, அது ஒரு பூஞ்சணம் மாதிரிக் கிருமி, பெருமழைக்குப் பிறகு தண்ணி குளிரும்போதுதான் அது கூட வரும். மார்கழி தையில உங்கட விராலையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க.

இப்ப புண் மீனைப் பிடிச்சு வேற தொட்டிக்கு மாத்துங்க, அங்க உப்பு போடலாம், அளவு தெரியிற தண்ணி அது. அன்டிபயோட்டிக் கண்ணை மூடிட்டு வாங்க வேணாம், மட்டக்குளியில காக்கைத்தீவில நாரா (அரசாங்கத்துட நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கு, உங்களுக்குக் கிட்டத்தான், பத்தரமுல்லையில நக்டா (நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபை) இருக்கு, முதல்ல அங்க கதைச்சு என்ன கிருமி என்டு கேளுங்க. செத்து நாறினதைக் கொண்டு போனாப் பிரயோசனம் இல்லை, புண்ணோட உயிரா இருக்கிறதுல ரெண்டைக் குளத்துத் தண்ணியோட பையில கொண்டு போங்க, கூட அந்த வெப்பநிலைக் குறிப்பையும் காட்டுங்க.

ஹெந்தளைக்குளம்:
சரி அக்கா, திங்கள் காலமை போறன். ஈரப்பலாவில குளத்துப் பக்கம் நீட்டின கொப்புகளை வெட்ட அப்பா ஓம் எண்டிட்டார், மரம் வேண்டாம் கொப்பு மட்டும் எண்டு. தீனையும் பாதியாக் குறைச்சாச்சு. அந்த நீலப் போத்தலைத் திறக்கவேயில்லை, கடைக்காரர் திருப்பி எடுப்பாரோ எண்டு கேக்கப் போறன்.